பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய மைதானம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், 14 வயதுக்குட்பட்டோருக்கான பள்ளிக் கால்பந்துப் போட்டி ஒன்றைப் பற்றி அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். ஓர் அணி இன்னோர் அணியை 11-0 என்ற கோல் கணக்கில் துவம்சம் செய்ததாகத் தலைப்பு சொன்னது. வென்ற பிள்ளைகளின் படம் இருந்தது. அவர்களுடைய உடற்கல்வி ஆசிரியரின் பேட்டியும் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், காலையில் வேனில் வந்து இறங்கி, ஒரே ஓர் ஆட்டம் ஆடி, பதினொரு முறை வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பிப் போயிருக்கக்கூடிய அந்த இன்னோர் அணியின் பிள்ளைகள் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டார்கள் என்ற கேள்வியைத் தங்கள் வாசகர்கள் முன்பும், போட்டிகளை நடத்துகிற அதிகாரிகள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

நான் துறைமுகம் சார்ந்த நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுபவன். வேலை முடிந்த பின், வடசென்னையில் உள்ள ஒரு மாநகராட்சி மைதானத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருக்குச் சில ஆண்டுகளாகக் கட்டணமின்றிக் கால்பந்து கற்றுத் தருகிறேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு, அணிக்குப் பதினொரு பேராகப் பெரிய மைதானத்தில் நடத்தப்படும் நாக்-அவுட் போட்டிகள் (ஒருமுறை தோற்றால் அணி வெளியேறிவிடும்) எந்த நன்மையையும் செய்வதில்லை என்பதும், அவற்றுக்குப் பதிலாக ஐந்தைந்து பேராகச் சிறிய மைதானத்தில் ஆடும் லீக் போட்டிகளை (தோற்றாலும் ஒவ்வோர் அணியும் தன் பிரிவின் மற்ற அணிகளோடு ஆடும்) நடத்த வேண்டும் என்பதுமே நான் சொல்ல வந்தது. பிள்ளைகளின் ஆட்டம் எப்படி, எந்த வரிசையில் முன்னேறுகிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள் என்று நம்புகிறேன்.

புதிதாக வரும் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தால், பந்து எங்கே போகிறதோ அங்கே இரண்டு அணியும் சேர்ந்தே ஓடும்; வெல்லக்கட்டியை எறும்பு மொய்ப்பது போல மொய்ப்பார்கள். கோல்கீப்பராக நிற்க வைத்தவனும் கம்பத்தை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான். வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர் "பரந்து நில்லுங்கடா" என்று கத்துவார்கள். கத்தினால் யாரும் பரந்து நிற்பதில்லை. ஆசைப்பட்ட பொருள் பந்து ஒன்றுதான் என்றிருக்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம், அதை விட்டுத் தள்ளி நில் என்று சொன்னால் அதன் நியாயம் அதற்குப் புரியாது. அது தானாகப் புரியும் நாள் ஒன்று வருகிறது.

எங்கள் அணிக்கு அந்த நாளைக் கொண்டுவந்தவள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. இடித்துத் தள்ளிப் பந்தைப் பிடுங்கும் உடல் பலம் அவளுக்கு இல்லை. அதனால் கும்பலுக்குப் பத்தடி வெளியே நின்றுகொண்டு "இங்க தா, இங்க தா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வாரக்கணக்கில் ஒருவரும் தரவில்லை. பிறகொரு மாலையில் கும்பலின் கால்களுக்கிடையே சிக்கியிருந்த பந்து தெறித்து அவளிடம் வந்தது. எதிரே தடுக்க ஆளில்லை. இரண்டு தட்டு தட்டி, அவசரமே இல்லாமல் கோல் போட்டாள். அடுத்த நாள் மூன்று பேர் அவள் நின்ற அதே இடத்தில் போய் நின்றார்கள். அவள் வேறு இடம் பார்த்துக்கொண்டாள். காலி இடத்தைத் தேடிப் போவது என்ற, பெரியவர்களுக்கே எளிதில் பிடிபடாத பாடத்தை அந்த அணிக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதில் என் பங்கு, குறுக்கே பேசாமல் இருந்தது மட்டுமே.

இதற்கடுத்து வருவது தலை நிமிர்வது. தொடக்கத்தில் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடும் பிள்ளையின் கண் பந்தின் மீதே இருக்கும். எதிராளியின் மீது மோதிய பிறகுதான் அங்கே ஓர் ஆள் இருந்ததே தெரியும். நுனிக்காலால் உதைப்பது குறைந்து, பாதத்தின் உட்பக்கத்தால் தட்டவும், உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிறுத்தவும் பழகிய பிறகு, பந்து காலடியில்தான் இருக்கும் என்ற தைரியம் வருகிறது. அந்தத் தைரியம் வந்தால்தான் கண் மேலே எழும்பும். நன்றாகத் தேறிய பிள்ளைகளிடம் இன்னும் ஒரு படி மேலே ஒன்றைக் காணலாம்: பாஸ் தங்கள் காலுக்கு வந்து சேருவதற்கு முன்பே, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார் என்று ஒரு நொடி பார்த்துவிடுவார்கள். வேலிக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது தென்படவே தென்படாது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், யாரும் சொல்லாமல், அப்படித் திரும்பிப் பார்த்துவிட்டுப் பந்தை வாங்குவதைப் பார்க்கையில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம், அவன் அடிக்கும் எந்தக் கோலிலும் கிடைத்ததில்லை.

பின்னோக்கிப் பாஸ் கொடுப்பது கடைசியில் வரும். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்தைப் பின்னால் தட்டுவது ஏதோ தோல்வியை ஒப்புக்கொள்வது போன்ற காரியம். முன்னால் மூன்று பேர் மறித்து நின்றாலும் முட்டி மோதிப் பார்ப்பார்களே தவிர, பின்னால் தனியாக நிற்கும் கூட்டாளியிடம் தரமாட்டார்கள். தரத் தொடங்கும்போது, "ஏண்டா பின்னாடி அடிக்கிற, தூக்கி முன்னாடி அடிடா" என்று வெளியே இருந்து ஓர் அப்பாவின் குரல் வரும். அதுவரை கட்டியதெல்லாம் அந்த ஒரு குரலில் சரிந்துவிடும். பாவம், பிள்ளை மாஸ்டர் பேச்சைக் கேட்பதா அப்பா பேச்சைக் கேட்பதா?

முன்னேற்றம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போவதும் இல்லை. பதின்மூன்று வயதை நெருங்கும் பையன்கள் சிலர் திடீரென்று உயரமாகிவிடுவார்கள். போன ஆண்டு பந்தைக் காலோடு ஒட்ட வைத்துக்கொண்டு ஓடியவனுக்கு இந்த ஆண்டு தன் கால் எங்கே முடிகிறது என்பதே பிடிபடாது. நிறுத்த வேண்டிய பந்து ஒரு கெஜம் தள்ளிப் போகும். இது வளர்ச்சியில் வரும் தற்காலிகத் தடுமாற்றம். உடல் அளவுக்கு மூளை பழகியதும் சரியாகிவிடும். தெரியாதவர்கள் அந்தச் சமயத்தில்தான் "ஃபார்ம் போயிடுச்சு" என்று அவனை அணியிலிருந்து நீக்குகிறார்கள். அதே போல, அணித் தேர்வுக்கு ஆண்டின் ஏதோ ஒரு தேதியை வயதுக் கணக்குக்கு வைக்கும்போது, அந்தத் தேதியை ஒட்டி அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சில மாதங்கள் மூத்தவர்களாக இருப்பதால் மட்டுமே பலசாலிகளாகத் தெரிவார்கள். பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். பத்து வயதில் சிறியவனாக இருப்பவனைக் கழித்துவிட்டால், பதினேழு வயதில் அவன் என்ன ஆகியிருப்பான் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

மேலே சொன்ன எதுவும் சொற்பொழிவால் வருவதில்லை. பந்து காலில் படப் படத்தான் வருகிறது. அப்படியானால் ஒரு பிள்ளையின் காலில் பந்து எத்தனை முறை படும் என்பதே கேள்வி. இருபத்திரண்டு பேருக்கு ஒரு பந்து என்பதற்கும் பத்துப் பேருக்கு ஒரு பந்து என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளப் பயிற்சியாளர் உரிமம் தேவையில்லை.

அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோர் என்பதே மிகச் சிறிய வயதுப் பிரிவு. ஆறாம் வகுப்பில் படிக்கும் பதினொரு வயதுப் பிள்ளை, மீசை அரும்பத் தொடங்கிய அண்ணன்மாரோடு ஒரே மைதானத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. அந்த மைதானமோ பெரியவர்களுக்கானது. கோல் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே 7.32 மீட்டர், மேல் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கும் இதே அளவுதான். நாலரை அடி உயரமுள்ள பையன் ஒருவன் அதன் கீழே நின்று, எம்பிக் குதித்துக் கையை நீட்டினாலும் மேல் கம்பம் எட்டாது. விவரமான எதிரணிகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகின்றன. அணியிலேயே பலமாக உதைக்கக் கூடியவனை அழைத்து, தூரத்திலிருந்து பந்தைக் கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கி அடிக்கச் சொன்னால் போதும். பாஸும் வேண்டாம், பந்தைத் தட்டிக்கொண்டே எதிராளியைக் கடக்கும் ட்ரிப்ளிங்கும் வேண்டாம். நான் குறிப்பிட்ட ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது; ஆனால் இரட்டை இலக்கத்தில் கோல் விழுந்ததாக நான் நேரில் பார்த்த சிறுவர் ஆட்டங்களில் பாதிக்கும் மேற்பட்ட கோல்கள் இப்படி விழுந்தவைதான். வென்ற அணியும் அங்கே கால்பந்து கற்றுக்கொள்ளவில்லை.

விதிகள் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியமே, இளையோர் ஆட்டங்களில் மைதானத்தின் அளவு, பந்தின் அளவும் எடையும், கோல் கம்பத்தின் அகலமும் உயரமும், ஆட்ட நேரம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளவும், மாற்று ஆள் இறங்கியதால் வெளியே வந்த ஆட்டக்காரரை மீண்டும் உள்ளே இறக்கவும் தேசியச் சங்கங்களுக்கு அனுமதி தந்திருக்கிறது. பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ளது. அதைவிடச் சிறிய, எடை குறைந்த 4-ஆம் எண், 3-ஆம் எண் பந்துகள் விளையாட்டுப் பொருள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. இருந்தும் நம் பள்ளிகளின் அலமாரிகளில் 5-ஆம் எண் பந்துதான் காற்றிறங்கிக் கிடக்கிறது.

இனி நாக்-அவுட்டுக்கு வருகிறேன். கணக்கு எழுதுபவன் என்பதால் சற்றுக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். பதினாறு அணிகள் நாக்-அவுட் முறையில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றில் எட்டு அணிகளுக்கு, அதாவது சரிபாதிப் பேருக்கு, ஒரே ஓர் ஆட்டம். ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தால்கூட ஒரே மைதானத்தில் இது பத்து மணி நேரம் ஆகும். இரண்டு நாள் வேலை. அதே பதினாறு அணிகளை நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் பிரிவில் உள்ள மற்ற மூன்றோடும் ஆடுவதாக வைத்தால் 24 ஆட்டங்கள். அதே பெரிய மைதானத்தைக் கோன் (எல்லை குறிக்கும் பிளாஸ்டிக் கூம்பு) வைத்து நான்காகப் பிரித்து, ஐவர் ஆட்டமாக, ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடமும் அணி மாற ஐந்து நிமிடமும் கொடுத்தால், நான்கு மைதானங்களிலும் ஒரே நேரத்தில் ஆறு சுற்றுகள். இரண்டு மணி நேரத்தில் எல்லா அணிகளும் மும்மூன்று ஆட்டம் ஆடி முடித்திருக்கும். ஒரே நேரத்தில் நாற்பது பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பதினொரு பேர் ஆட, மாற்று ஆட்டக்காரர்கள் ஏழு பேர் பிப் என்ற அடையாள மேலுடை அணிந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தபடியே வீடு திரும்பும் நிலைமை இருக்காது. செலவும் குறைவு.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமில்லை. 1998 உலகக் கோப்பையிலும், தானே இணைந்து நடத்திய 2000 ஐரோப்பியக் கோப்பையிலும் முதல் சுற்றைத் தாண்டாத பெல்ஜியம், அதன்பின் தன் சிறுவர் கால்பந்தை அடியோடு மாற்றியமைத்தது. சிறிய பிள்ளைகளை இருவர், ஐவர், எண்மர் எனப் படிப்படியாக ஆட வைத்தது. மிகச் சிறிய பிரிவுகளில் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டது. அந்நாடு 2018 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. நான்கு முறை உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி, 2024-25 பருவம் முதல் சிறுவர் பிரிவுகளில் சிறிய மைதான ஆட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஏழு, ஒன்பது வயதுக்குட்பட்டோர் பெரும்பாலும் இருவர் அல்லது மூவராக, நான்கு சிறிய கோல்களை வைத்து ஆடுகிறார்கள். பல மைதானங்கள் வரிசையாக இருக்கும். வென்ற அணி ஒரு மைதானம் மேலேயும் தோற்ற அணி ஒரு மைதானம் கீழேயும் நகரும். நான்கைந்து சுற்றுகளில் சமபலம் உள்ள அணிகள் தாமாகவே எதிரெதிரே வந்துவிடும். 11-0 என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

வெளிநாடுகளை விடுங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே 2018-இல் 'கோல்டன் பேபி லீக்' என்ற பெயரில் சிறு பிள்ளைகளுக்கான லீக் போட்டிகளைத் தொடங்கியது. மிசோரம், மேகாலயா போன்ற மாநிலங்கள் இதை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டன. நம் மாநிலத்தில் சில தனியார் அகாடமிகள் நடத்துகின்றன. மாதக் கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கோ, முதல் போட்டி என்பது ஆறாம் வகுப்புக்குப் பிறகு வரும் குறுவட்டத்தில், பெரிய மைதானத்தில், தோற்றால் வெளியே என்ற நிபந்தனையோடுதான் கிடைக்கிறது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எழும் மறுப்புகள் எனக்குத் தெரியும். தோல்வியைத் தாங்கப் பழகவேண்டாமா என்பார்கள். லீக்கிலும் பிள்ளைகள் தோற்கத்தான் செய்கிறார்கள். ஒரே காலையில் இரண்டு முறைகூடத் தோற்பார்கள். ஆனால் தோற்ற சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடுகிறது. முந்தைய ஆட்டத்தில் செய்த பிழையைத் திருத்திப் பார்க்க வாய்ப்பு கிடைக்கிறது. நாக்-அவுட்டில் அதைத் திருத்தப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். பதினொருவர் ஆட்டத்தை எப்போதுதான் கற்பது என்றும் கேட்பார்கள். பதின்மூன்று வயதுக்கு மேல் ஏழெட்டு ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன, தாராளமாகக் கற்கலாம். சான்றிதழ் கிடைக்காதே என்ற கவலையைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. பத்து வயதில் வாங்கிய சான்றிதழைக் காட்டி யாரும் கல்லூரியில் இடம் வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு தனி நியாயம் உண்டு. வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் இங்கிருந்து வந்தவர்தான். இங்கே முந்தைய தலைமுறையினருக்குப் பயிற்சி மைதானம் ஏது? ஹவுசிங் போர்டு குடியிருப்புகளின் நடுவே உள்ள குறுகிய இடத்தில், செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்து, நான்கு பேருக்கு நான்கு பேராக ஆடினார்கள். சுவரும், நிறுத்தி வைத்த பைக்கும், குறுக்கே வரும் தண்ணீர்க் குடமும் அவர்களுக்குக் காலைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுத்தன. பிரேசிலின் பெரிய ஆட்டக்காரர்கள் பலரும் சிறுவயதில் ஆடியது ஃபுட்சால் எனப்படும் ஐவர் ஆட்டம்தான். நம் தெருக்களில் தானாக நடந்துகொண்டிருந்ததை, மைதானம் கட்டிக்கொடுத்த பிறகு நாம் நிறுத்திவிட்டோம் என்பதுதான் வேடிக்கை.

மாநகராட்சியின் கால்பந்து மைதானங்கள் ஒன்பதைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று 2024 அக்டோபரில் தீர்மானம் நிறைவேறியதும், கடும் எதிர்ப்பு எழுந்ததால் அது உடனே திரும்பப் பெறப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். திரும்பப் பெற்றது நல்ல முடிவு. அப்படிக் காப்பாற்றிய மைதானங்களை இப்போது எப்படிப் பயன்படுத்துகிறோம்? மாலை ஆறு மணிக்குப் பெரிய பையன்கள் இருபத்திரண்டு பேர் முழு மைதானத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். சிறு பிள்ளைகள் கார்னர் கொடிக்குப் பின்னால் உள்ள மூலையில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை, ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கென ஒதுக்கி, நான்காகப் பிரித்துத் தந்தால் போதும். கோன்களும் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய கோல்களும் பெரிய செலவில்லை.

சிறுமிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் இறுதி ஆட்டத்தில் வென்று தேசியச் சாம்பியன் ஆனது. மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஆண்கள் அணியால் அண்மைக் காலத்தில் நெருங்க முடியாத சாதனைகள் இவை. இருந்தும் பள்ளிகளில் பதினொரு சிறுமிகளைத் திரட்ட முடியவில்லை என்ற காரணத்தால் அணியே அனுப்பப்படாமல் போவதைப் பார்க்கிறேன். ஐந்து பேர் போதும் என்றால் பெரும்பாலான பள்ளிகள் அனுப்பிவிடும். பன்னிரண்டு வயது வரை ஆண், பெண் பிள்ளைகளைக் கலந்தே ஆடவிடலாம். நான் மேலே சொன்ன அந்தச் சிறுமி பையன்களோடு ஆடித்தான் அந்தப் பாடத்தைக் கற்றாள், கற்பித்தாள்.

ஆகவே பள்ளிக் கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்டக் கால்பந்துச் சங்கங்களும் கலந்து பேசி, வரும் கல்வியாண்டிலேயே 10 வயதுக்குட்பட்டோர், 12 வயதுக்குட்பட்டோர் என்ற இரு பிரிவுகளைச் சேர்த்து, அவற்றில் ஐவர் ஆட்டத்தை லீக் முறையில் நடத்தவும், பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆட வேண்டும் என்று விதி வகுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். மாநிலம் முழுவதும் உடனே முடியாதென்றால், சென்னையில் இரண்டு குறுவட்டங்களில் மட்டும் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெரியவர்களின் ஆட்டத்துக்குத் துவம்சம், வதம் என்ற தலைப்புகள் இருந்துவிட்டுப் போகட்டும். பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டம் என்றால், எந்தெந்தப் பள்ளிகள் வந்தன, எத்தனை பிள்ளைகள் ஆடினார்கள் என்பதை முதலில் போட்டு, ஸ்கோரைக் கடைசி வரியில் போடலாமே? எங்கள் மைதானத்தில் சனிக்கிழமை மாலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஐவர் ஆட்டங்கள் நடத்துகிறோம். தங்கள் நிருபர் ஒரு நாள் வந்து பார்த்தால் மகிழ்வோம். யார் வென்றார்கள் என்று எங்களிடம் கேட்டால் மட்டும் பதில் கிடைக்காது, நாங்கள் எழுதி வைப்பதில்லை.

இப்படிக்கு,
சிறுவர் கால்பந்துப் பயிற்சியாளர்,
வடசென்னை.